கடையில் வாங்கிய மிளகு

கொல்லிமலையில் மிளகு விலை விழுந்தால் விற்கமாட்டோம். காயவைத்து மூட்டை கட்டி, ஏறும்வரை காத்திருப்போம். பங்குச்சந்தை சரிந்தபோது பங்கையும் அப்படித்தான் நினைத்தேன். விழவிழ வாங்கினேன். கையிருப்பு தீர்ந்ததும், மனைவி பத்திரப்படுத்தியிருந்த மிளகு மூட்டைகளை அவளுக்குத் தெரியாமல் விற்று, அந்தப் பணத்தையும் போட்டேன். பங்கு மேலும் விழுந்தது. மிளகு விலையோ ஏறியது.

மூட்டைகளைத் தேடியவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் மூட்டைகள் இருந்த இடத்தைப் பெருக்கித் தள்ளினாள்.

மறுநாள் எங்கள் ஊரான சோளக்காட்டில், மளிகைக் கடையில், ரசத்துக்குக் கொஞ்சம் மிளகு கேட்டாள்.

"ஏனுங்க, உங்க ஊட்டு மிளகு என்னாச்சுங்க?" என்றார் கடைக்காரர்.

பக்கத்தில் நின்ற நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"வெல இன்னும் ஏறட்டும்னு இவரு மூட்டையப் பிரிக்க உடலீங்க" என்றாள், என்னைப் பார்க்காமலே.

வீட்டில் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். எனக்காக அவள் சொன்ன அந்தப் பொய்யால், இன்றும் அந்தக் கடையைத் தலைநிமிர்ந்து கடக்க முடியவில்லை.