அடிபடாத பக்கம்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் என்னையும் கூட அழைத்துப் போவார்கள். பெண் பார்க்கப் போகும்போது குறை சொல்வதற்கென்றே ஒரு சித்தப்பாவைக் கூட்டிப் போவார்களே, அந்த மாதிரி. திருத்தணியைச் சுற்றி எனக்கு இதுதான் பிழைப்பு. விற்கிறவனுக்கு என்னைப் பிடிக்காது. வண்டி மேல் ஆசை வந்துவிட்டால் வாங்குகிறவனுக்கும் பிடிக்காது. அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒருநாள் ஒரு பையன் கூப்பிட்டான். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வீடு பள்ளிப்பட்டு ரோட்டில் ஒரு கரும்புக்காட்டு ஊர். அவன் வாங்க நினைத்தது ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம், கூரையை மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றை யாரும் வைத்திருந்ததில்லை. விற்கிறவர் அதைச் சென்னையிலிருந்து கனகம்மாசத்திரம் வரை ஓட்டி வந்திருந்தார். பானெட்டைத் தொட்டேன், சுட்டது. சூடான எஞ்சினின் இருமல் வெளியே கேட்காது. ஆறட்டும் என்று சொல்லி டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். விற்கிறவர் கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறிய பிறகு கிளப்பியபோது எஞ்சின் நன்றாகத்தான் பேசியது. துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவுக்குக் கீழே நெடுக ஓட்டினேன். துரு தின்ற இடத்தில் பட்டி மாவு பூசி பெயிண்ட் அடித்திருந்தால் காந்தம் நழுவிவிடும். இங்கே எங்கேயும் நழுவவில்லை. காலடி விரிப்பைத் தூக்கி மோந்து பார்த்தேன், மழைத் தண்ணீர் தேங்கிய வாடை இல்லை. கடைசியாக மலை. கோயில் வரை ஏற்றிவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் கியரிலேயே இறக்கி, அடிவாரத்தில் ஒரு மிதி மிதித்துக் கண்ணாடியில் பின்னால் பார்க்க வேண்டும். ஆயில் குடிக்கிற எஞ்சின் என்றால் அப்போது நீலப் புகை கக்கும். அதுவும் வரவில்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"நல்ல வண்டிதான், வாங்கிக்கோ" என்றேன். ஒன்று மட்டும் சொன்னேன். கனம் குறைந்த வண்டிகளில் எல்லாமே அளவெடுத்துச் செய்தது, ஒன்றை மாற்றினால் இன்னொன்றைக் கொண்டுபோய் இழுக்கும், அதனால் எதிலும் கை வைக்காதே என்று. பையன் தலையாட்டினான். வண்டியைத் தவிர வேறு எதையும் அவன் பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் ஒரு கிருத்திகை கழிந்த மறுநாள் காலை, மலையிலிருந்து இறங்கும்போது அவன் வளைவில் சுவரில் மோதிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவன் விமானம் ஓட்டினான் என்று டீக்கடையில் சொன்னார்கள். வண்டியைப் பார்த்துக் கொடுத்தவன் லட்சணம் அப்படி என்றும் இரண்டு பேர் சொன்னார்கள். அது எனக்குச் சுருக்கென்றது.

சில மாதம் கழித்து அவன் அப்பா போன் செய்தார். "நீங்கதான சார் அந்த வண்டியப் பார்த்து நல்லா கீதுன்னு சொன்னது? ஒரு தபா வந்து பாருங்க. எனக்கு ஒண்ணு தெரியணும்."

போனேன். டிராக்டர் நிற்கும் கொட்டகையில் காரைத் தள்ளி வைத்திருந்தார்கள். வலது பக்கம் முகமே இல்லை. பையன் கொட்டகை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். போன் செய்த பெரியவர் அவனைத் தாண்டித்தான் உள்ளே வந்தார், ஆனால் அவன் பக்கம் திரும்பவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போன அன்னிக்கு பிரேக்கு புடிக்கலன்னான்" என்றார் என்னிடம். "மறுநாளு கேட்டா, இல்ல நைனா, வேகமாத்தான் வந்தேன்றான். எது பொய்யின்னு எனக்குத் தெரியணும் சார். வேகமா வந்திருந்தாகூட உட்டுடுவேன். எங்கிட்டயே பொய் சொன்னான் பாருங்க, அதான் மனசு ஆறல. அன்னிலேர்ந்து நான் அவனோட பேசறதில்ல."

பையன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வலது முன் சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகிற ரப்பர் குழாய், பிரேக் ஹோஸ், அறுந்திருந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மோதியதிலேயே அறுந்திருக்கலாம். இந்த மாதிரி சமயத்தில் நான் அடிபடாத பக்கத்துக்குப் போய்விடுவேன். இடது பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினேன். பெரியவர் குந்தி உட்கார்ந்து போன் வெளிச்சம் பிடித்தார். ஸ்பிரிங்குக்கு மேலே, நான் முன்பு பார்த்தபோது இல்லாத ஒரு தடித்த வளையம் பளபளவென்று இருந்தது. லேத்துப் பட்டறையில் கடைந்தது.

"இது யார் போட்டது?"

"நான்தான் சார் போடச் சொன்னேன்." அவர் குரலில் பெருமை இருந்தது. "நம்ம ரோட்ல வண்டி வயிறு தரையில இடிக்குது. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் புள்ள மூஞ்சி சுருங்கிப் போவுது. அவன் மெட்ராசுக்கு பஸ்ல போயிருந்தப்ப, நம்ம டிராக்டர் பாக்கற பட்டறையில உட்டு நாலு சக்கரத்துக்கு மேலயும் இத வச்சு வண்டியத் தூக்கிட்டேன். அப்பறம் ஒரு தபா கூட இடிக்கல."

சொல்வதற்கென்ன வெட்கம், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. நான் நல்ல வண்டி என்று சொன்னது நல்ல வண்டிதான். பிறகு ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினேன். பிரேக் ஹோஸ் கிணற்றுக் கயிறு போல விறைத்து நின்றது. அதன் முனையில், உலோகத்தைக் கவ்வும் இடத்தில், மெல்லிய வெடிப்புகள் ஈரமாக இருந்தன. வண்டி தரையில் நிற்கும்போது ஹோஸ் தளர்வாகத்தான் தொங்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. வளையம் வைத்த அளவுக்குச் சக்கரம் கீழே போய்விட்டதே தவிர, ஹோஸ் பழைய நீளம்தான். ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கும்போதெல்லாம் சக்கரம் தொங்கி அதை இழுத்திருக்கிறது. மோதாத பக்கமே இந்தக் கதி என்றால், வலது பக்கத்து ஹோஸ் மோதுவதற்கு முன்பே அறுந்து, ஆயில் கொட்டி, பிரேக் போயிருக்க வேண்டும். பையன் முதல் நாள் சொன்னதுதான் நிஜம்.

அந்த நேரம் பார்த்து த்ரீ பேஸ் கரண்ட் வந்தது. மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று பெரியவர் எழுந்து போனார். பையன் நாற்காலியிலிருந்து என் பக்கம் குனிந்தான்.

"அண்ணா, வேகமா வந்ததுதான்னு சொல்லிடுங்க."

"உனக்குத் தெரியுமா?"

"கிரேன்ல தூக்கும்போது பிரெண்டு போட்டோ எடுத்து அனுப்பினான். சக்கரம் தொங்கிகினு இருந்துச்சு, நல்லா இருக்கற பக்கம் ஹோஸ் இப்படித்தான் இழுத்துகினு இருந்துச்சு. மொத நாளு தெரியாம உளறிட்டேன்."

"உன்னோட பேசறதே இல்லையாமே."

"பேசாட்டி போவட்டும்ணா. என் காலு போனது அவராலன்னு தெரிஞ்சா தாங்கமாட்டாரு."

எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. என் தொழிலில் கெட்டதை நல்லது என்று நான் சொன்னதில்லை. அதற்காக எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் விற்கப்போகிற வண்டியில்லை இது, இனி யாரும் ஓட்டப்போவதுமில்லை. சொல்ல வேண்டியதைப் பட்டறைக்காரனிடம் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அன்று சாயங்காலம் அவனிடம் சொல்லவும் செய்தேன்.

பெரியவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பிரேக் நல்லாதான் இருந்திருக்குங்க" என்றேன். "வேகம்தான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பொய் பழகாதவன் சொன்னால் முகத்தில் தெரியும் போலிருக்கிறது. மறுபடியும் குந்தி உட்கார்ந்தார். நான் ஜாக்கியை இறக்கியிருக்க வேண்டும், குறைந்தபட்சம் ஸ்டியரிங்கையாவது திருப்பி விட்டிருக்க வேண்டும். இரண்டுமே தோன்றவில்லை. அவர் ஒரு விரலால் ஹோஸைத் தொட்டார்.

"இது ஏன் சார் இப்படி வெறச்சிகினு கீது?"

நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் விரல் மேலே போய் வளையத்தைத் தொட்டது. மறுபடியும் ஹோஸுக்கு வந்தது.

"இத வைக்காம இருந்தா, இது இப்படி இழுத்திருக்காது இல்ல?"

இரண்டாவது முறை என்னால் முடியவில்லை. "இழுத்திருக்காதுங்க" என்றேன்.

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சக்கரம் இருந்த இடத்தைப் பார்த்தபடியே பையனைக் கேட்டார்.

"உனுக்குத் தெரியுமாடா?"

"ஆங், நைனா."

"ஏண்டா சொல்லல?"

பெரியவர் அவன் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "இத்தினி மாசமா உங்கூட ஒரு வார்த்த பேசலியேடா நான்."

"இப்ப பேசிட்ட இல்ல நைனா" என்றான் பையன்.