மேனேஜர் கொடுக்காத வாக்கு

1. முதல் நாள்

லோகேஸ் சின்ன தொரையாக வந்த அன்று காலைப் பெரட்டில் பெண்கள் பாதிப் பேர் அழுதுவிட்டார்கள். லிங்கி பக்கத்துச் செம்பனைத் தோட்டம் எங்களுடையது. நான் அங்கே கணக்கு வழக்கு எழுதும் ஆபீஸ் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் அந்தப் பெரட்டில் எத்தனையோ அசிஸ்டண்ட் மேனேஜர்கள் வந்து நின்று போயிருக்கிறார்கள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்தில் பிறந்து, டிகிரி முடித்து, அதே லயத்து ஆட்கள் முன்னால் பூட்ஸ் போட்டு நின்றவன் இவன் ஒருவன்தான்.

பழம் வெட்டும் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஆறுமுகம். அவர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, “வணக்கம் தொரை!” என்றார்.

“சும்மா இருங்க மாமா, மானம் போகுது லா,” என்று லோகேஸ் நெளிந்தான்.

தகப்பன் இல்லாத பையன். யூனிவர்சிட்டியில் சேரும்போது பெட்டி படுக்கையோடு தன் காடியில் கொண்டுபோய் விட்டவர் ஆறுமுகம்தான். பெரட்டில் அன்றைக்கு அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவேண்டுமே, பெற்ற மகனே பட்டம் வாங்கியதுபோல் இருந்தார்.

இத்தனை வருஷம் எங்கள் பிள்ளைகளை ஏறெடுத்தும் பார்க்காத கம்பெனி இப்போது மட்டும் ஏன் கூப்பிட்டு வேலை கொடுக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. பட்டம் வாங்கி வரும் பிள்ளைகளே, இண்டர்வியூவில் சம்பளத்தைக் கேட்கிறீர்கள், லீவைக் கேட்கிறீர்கள். உங்களை எதற்காக எடுக்கிறார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள்.

2. வாய்ப்பேச்சு

காரணம் சீக்கிரமே தெரிந்தது. லயம் இருந்த நிலத்தை வீடமைப்புத் திட்டத்துக்கு விற்றாகிவிட்டது. ஆட்கள் காலி செய்யவேண்டும். ஆறுமுகம் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பிடியாக நின்றார்.

“மாத்து வீடு தர்றோம்னு எழுதிக் குடுங்க. மறுநாளே காலி பண்றோம்.”

மேனேஜர் சிரித்து மழுப்பிக்கொண்டே இருந்தார். பிறகு ஒருநாள் லோகேஸை உள்ளே கூப்பிட்டார். என் மேசை அவர் அறைக் கதவை ஒட்டி இருந்ததால் பேச்சு நன்றாகவே கேட்டது.

“ஒங்க ஆளுங்ககிட்ட நீ பேசு லா. செனாவாங் பக்கம் வீடு கண்டிப்பா கெடைக்கும். நீ சொன்னா கேப்பாங்க.”

“லெட்டர் கேக்கறாங்க சார்.”

“அதெல்லாம் ஹெட் ஆபீஸ் பாத்துக்கும். நீ மொதல்ல பேசு.”

உரம் எத்தனை மூட்டை, லோரி எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மனிதர் அவர். இதை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு வாயால் சொன்னார். எல்லாம் எழுத்தில் வரும் இடத்தில் ஒரே ஒரு விஷயம் மட்டும் வாய்ப்பேச்சாக வந்தால் அதைத் தொடாதீர்கள்.

வெளியே வந்தவனிடம், “இத அவரையே லயத்துக்கு வந்து சொல்லச் சொல்லேன்பா,” என்றேன்.

“போஸ்கிட்ட அப்படிக் கேக்க முடியுமாக்கா? எனக்கு வேலையே இன்னும் கன்ஃபர்ம் ஆகல.”

வீடு வீடாகப் போனான். அவன் பொய் சொல்லவில்லை, மனதார நம்பினான். “மேனேஜர் சொல்றாரு” என்று சொல்லிப் பார்த்தான். யாரும் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில், “நான் சொல்றேன், வீடு வரும்” என்றான். அதற்கு மேல் அங்கே யாருக்கும் மறுத்துப் பேச வாய் வரவில்லை.

“எதுக்கும் தம்பிகிட்டயும் ஒரு எழுத்து வாங்கிக்கலாமே மண்டோர்,” என்று ஒருவர் மட்டும் இழுத்தார்.

ஆறுமுகத்துக்கு வந்ததே கோபம். “நாம தூக்கி வளத்த பிள்ளகிட்ட எழுத்து கேப்பியா? வெக்கமா இல்ல ஒனக்கு?”

மேனேஜரிடம் அப்படி மல்லுக்கு நின்றவர் மறுநாள் காலையிலேயே பீரோவை லோரியில் ஏற்றினார். அவர் போனதும் மற்றவர்களும் கிளம்பினார்கள்.

3. தெமியாங்

லயத்தை உடனே இடித்துத் தள்ளினார்கள். வீடு வரவில்லை. மேனேஜர் பதவி உயர்வோடு பகாங்குக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர், “யார் சொன்னது? பிளேக் அண்ட் வைட்ல எழுத்து இருக்கா?” என்று கேட்டார். கம்பெனி பெயரில் வாக்குக் கொடுக்க உனக்கு யார் அனுமதி தந்தது என்று ஹெட் ஆபீஸ் லோகேஸைக் கேட்டது. பழைய மேனேஜருக்குப் போன் போட்டார்கள். தான் விளக்கம் சொல்ல மட்டுமே அனுப்பியதாக அவர் கைகழுவினார். லோகேஸின் வேலை போனது.

ஆறுமுகமும் அவர் மனைவி லெட்சுமியும் தெமியாங்கில் ஒரு வாடகை பிளாட்டில் இருந்தார்கள். காட்டிலேயே உழன்ற மனிதர் மூன்றாம் மாடியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வருஷம் திரும்புவதற்குள் நெஞ்சு வலியில் போய்விட்டார்.

சாவு வீட்டுக்கு லோகேஸ் வந்தான். மாடிப்படியிலேயே நின்றான். யாரும் வா என்று சொல்லவில்லை. எனக்கு அவன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, பாவமாகவும் இருந்தது. லெட்சுமிதான் உள்ளே கூப்பிட்டாள்.

“அழாத தம்பி. ஒன்னைய மாமா ஒரு வார்த்த சொல்லல. போன் பண்ணவங்களுக்கெல்லாம், ‘தம்பி சொல்லிருக்கான், வரும்’னு கடைசி வரைக்கும் சொல்லிகிட்டே இருந்தாரு. அத நம்பி இன்னும் காத்துகிட்டு கெடக்கறாங்க.”

அவன் தலையை நிமிர்த்தவே இல்லை.

“எனக்கு நீ ஒன்னும் செய்ய வேணாம். வராதுன்னு நீயே போய் அவங்ககிட்ட சொல்லு.”

கருமாதி முடிந்த பிறகு அதைச் சொல்லக் கிளம்பினான். தனியாகப் போகப் பயந்து என்னையும் துணைக்கு அழைத்தான்.

பிள்ளைகளே, மேலே இருப்பவர் கொடுக்கவேண்டிய வாக்கை உங்கள் வாயால் கொடுக்காதீர்கள். அவர் மாற்றலாகிப் போய்விடுவார். நம்பியவர்களின் முகத்தில் விழிக்கவேண்டியவர்கள் நீங்கள்தான். “நீங்களே வந்து சொல்லுங்க சார்” என்று சொல்ல முதல் வேலைக்குப் போகும் முன்பே பழகிக்கொள்ளுங்கள். வேலை போய்விடுமே என்று பயந்துதான் லோகேஸ் அதைச் சொல்லாமல் விட்டான்.

முதலில் போனது செனாவாங்கில், தோட்டத்தில் மருந்தடித்த பார்வதியின் வாடகை வீட்டுக்கு. அவள் கதவைத் திறந்து லோகேஸைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாக உள்பக்கம் திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, இங்க வாங்க! தம்பி வந்திருக்கு. நமக்கு வீடு வந்துருச்சு!”