பசுந்தாங்கில் குன்று எங்கே?

நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவனை "எங்கே போறே?" என்று கேட்டால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கேட்டவர் வாங்கிக் கட்டிக்கொள்வார். கிளம்பியவன் உள்ளே திரும்பி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்படுவான். இரங்கூனிலோ அந்தக் கேள்விதான் வணக்கம். "பே த்வா மலே?" எங்கே போகிறாய்? அடுத்த வீட்டு டோ மியா வாசலில் உட்கார்ந்து சுருட்டு சுற்றியபடி தினமும் காலையில் என்னை இதைத்தான் கேட்பார். ‘டோ’ என்பது மூத்த பெண்களுக்கு இங்கே போடும் மரியாதை. அந்த மரியாதையை நானும் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுத்தான் பேசினேன்.

1918-ல் யுத்தம் முடிந்த பிறகு கப்பலேறி வந்தவன் நான். பசுந்தாங் ஓடைக்கரையில் ஓர் அரிசி மில்லில் குமாஸ்தா வேலை. ஊரில் இருக்கும் நீங்கள் இரங்கூன் என்றால் சூலே பகோடாவும் டிராம் வண்டியும் மின்சார விளக்கும் என்று நினைக்கிறீர்கள். அதெல்லாம் மேற்கே, கியாக்டடாவில். எங்கள் பேட்டையில் இருப்பது உமிப்புகை. வெளுத்த வேட்டி மத்தியானத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். ஓடைக்கு அக்கரையில் தாகேதா பக்கம் சேறும் புதரும். அதற்கு மேல் பார்க்க ஒன்றும் கிடையாது.

பசுந்தாங் என்றால் இறால் குன்று என்று அர்த்தமாம். வந்த புதிதில் நானும் ஆசையாகக் குன்றைத் தேடினேன். ஒரு மேடுகூடக் கிடைக்கவில்லை. மில்லில் ஒருவர், அந்தக் காலத்தில் இறால் ஓடுகளைக் குவித்து வைத்திருந்தார்கள், அதுதான் குன்று என்றார். டோ மியாவிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைப் பர்மியச் சொற்களில் குன்று எங்கே என்று கேட்டேன். "பீபி" என்றார். முடிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு என் காலடியைக் காட்டிச் சிரித்தார். என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குன்றை வெட்டிச் சதுப்பில் கொட்டித்தான் இந்தத் தெருக்களைப் போட்டார்கள் என்று அவர் சொல்ல வந்தது பின்னால்தான் புரிந்தது. உண்மையோ பொய்யோ, எனக்கு அதை நம்பத்தான் தோன்றியது. ஏனென்றால் அந்த மண் இன்னும் வந்துகொண்டிருந்தது.

எங்கள் தெருவை வருஷத்துக்கு வருஷம் மண் கொட்டி உயர்த்தினார்கள். தெரு ஏற ஏற வீடு இறங்கியது. நாங்கள் இருந்தது தரையோடு தரையாகக் கட்டிய செங்கல் வரிசையில் ஒரு அறை. வேறெங்கும் படியேறித்தானே வீட்டுக்குள் போவார்கள்? நாங்கள் படியிறங்கிப் போனோம். போன மழைக்காலத்தில் ஓடை பெருகியபோது தண்ணீரும் எங்களைப் போலவே படியிறங்கி வந்துவிட்டது. டோ மியாவுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. அவருடையது மரக்கால்களின் மேல் நிற்கும் பலகை வீடு. தண்ணீர் கீழே வந்து கீழேயே போய்விடும். "வீட்டை ஏன் தரையில் உட்கார வைத்தீர்கள்?" என்று என்னைக் கேட்டார். நானா கட்டினேன்?

அப்போது என் மனைவி கமலத்துக்குப் பிள்ளை பிறந்திருக்கவில்லை. கட்டில்மேல் உட்கார்ந்து ஒப்பேற்றிவிட்டாள். இந்த வருஷம் பாப்பா தவழ ஆரம்பித்திருந்தாள். கமலம் என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"மழைக்கு முன்னாடி தரைய ஒசத்தித் தரச் சொல்லுங்க. இல்லேன்னா நானும் பாப்பாவும் ஊருக்குப் போறோம். தண்ணிக்குள்ளயா புள்ளைய எறக்கி விடுறது?"

வீட்டுக்காரரின் ஏஜெண்டு ஆபீஸ் கியாக்டடாவில் இருந்தது. டிராம் பிடித்துப் போனேன். ஏஜெண்டு தமிழர்தான். "பாக்கலாம், அடுத்த வாரம் வாங்க" என்றார். அடுத்த வாரமும் அதே பல்லவி. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் டோ மியா, "பே த்வா மலே?" நானும் வேலை மெனக்கெட்டு நின்று பதில் சொல்வேன்: ஏஜெண்டு ஆபீசுக்கு, தரை உயர்த்த, ஆமாம், இன்னும் ஆகவில்லை. கமலம் உள்ளேயிருந்து தலையில் அடித்துக்கொள்வாள். "கெளம்பும்போதே கேட்டா காரியம் வெளங்குமா?"

ஒருநாள் பொறுக்கமுடியாமல் டோ மியாவிடம், இனிமேல் என்னைக் கேட்காதீர்கள் என்று சொன்னேன். எங்கள் வழக்கத்தை விளக்கத்தான் நினைத்தேன். என் பர்மியத்தில் அது "என்னோடு பேசாதே" என்று போய் விழுந்திருக்க வேண்டும். அவர் சுருட்டைக் கீழே வைத்து என்னைப் பார்த்தார். மறுநாள் நான் படியேறி வந்தபோது தலை நிமிரவில்லை. எனக்கு நிம்மதியாகவே இருந்தது. கேட்க ஆளில்லை, இன்று காரியம் பழம்தான் என்று டிராம் ஏறினேன்.

அன்றைக்குத்தான் ஏஜெண்டு ஒரேயடியாகக் கைவிரித்தார். "ரோடு ஒசந்தா நாங்க என்ன பண்றது? இருக்க இஷ்டமில்லேன்னா காலி பண்ணிட்டுப் போங்க." காலி பண்ணிவிட்டு எங்கே போவது? என் சம்பளத்துக்குக் கிடைத்த வேறு அறைகளெல்லாம் இதைவிடப் பள்ளம். பழியைப் போட இப்போது டோ மியாவின் கேள்வியும் இல்லை. அந்த ஆத்திரத்தில் டிராம்கூட ஏறாமல் வெயிலில் நடந்தே வந்தேன்.

மழை வந்தது. ஓடையும் வந்தது. மில்லிலிருந்து ஓடி வந்து பார்த்தால் அறையில் முழங்கால் தண்ணீர். கமலத்தையும் பாப்பாவையும் காணோம். மேலேயிருந்து கமலத்தின் குரல் கேட்டது. டோ மியா வீட்டுப் பலகைத் தரையில் பாப்பா சுருட்டு இலைகளைக் கலைத்துப் போட்டபடி தவழ்ந்துகொண்டிருந்தாள். டோ மியா அவளைத் தடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

தண்ணீர் வடிவதும் ஏறுவதுமாக இருந்த நாட்களில் கமலம் அங்கேதான் இருந்தாள். இங்கேயே இருந்துவிடு என்று டோ மியா சொன்னாராம். "அடுத்தவங்க வீட்டுல எத்தனை நாளைக்கு இருக்கறது?" என்றாள் என்னிடம். அவளுக்குக் கப்பல் சீட்டு வாங்கினேன்.

புறப்படும் நாள். ரிக்‌ஷாவில் இரும்புப் பெட்டி ஏறிவிட்டது. கமலம் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினாள். டோ மியா எழுந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்போதும் போலக் கமலத்தைக் கேட்டார்: "பே த்வா மலே?"

எனக்குச் சுருக்கென்றது. கமலம் சிரித்தாள்.

"டீநா லே பே" என்றாள். இங்கேதான், பக்கத்தில்.

அந்தக் கேள்விக்கு எல்லோரும் சொல்லும் பதில் அவ்வளவுதானாம். உண்மையைச் சொல்லவேண்டியதில்லையாம். இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டியும் எனக்கு அது தெரியவில்லை.

கப்பல் துறையில், ஏணிக்கு முன்னால், கமலம் என்னிடம் "போறேன்" என்றாள்.

"போயிட்டு வரேன்னு சொல்லு" என்றேன்.

அவள் பாப்பாவின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள்.

திரும்பி வந்து தெருவில் நின்றேன். கீழே என் வீட்டு வாசல். அதற்குள் மறுபடி ஓடைத் தண்ணீர். இறங்க மனம் வராமல் நின்றவனை டோ மியா மேலிருந்து பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னைக் கேட்டார்.

"பே த்வா மலே?"

"டீநா லே பே" என்று சொல்லிவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படியிறங்கினேன்.