முழங்கால் போட்டிருந்தாக

குருமடத்து உணவறையில் ரசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். என்னை அலுவலகத் தொலைபேசிக்குக் கூப்பிட்டார்கள். மறுமுனையில் என் குருமடத் தோழன் ஞானராஜின் தம்பி. “பிரதர், அண்ணன் போயிருச்சு” என்றான். மஞ்சள் காமாலை என்று ஊருக்குப் போனவன். குருவாகும் முன் பெறும் திருத்தொண்டர் பட்டத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

ஞானராஜ் எங்களுக்கு ஞானம். அவனை அறிந்தவர்களுக்கு அவன் அங்கிப் பையும் தெரிந்திருக்கும். அதில் ஜெபமாலையும் முறுக்கும் ஒன்றாகக் கிடக்கும். மறையியல் வகுப்பில் நான் தூங்கி விழுந்தால் முறுக்கை உடைத்து நீட்டுவான். “ஏலே, பசிச்சவனுக்கு மோட்சம் புரியாது, முதல்ல இதைத் தின்னு” என்பான். தாயில்பட்டிக்காரன். அவன் அம்மா தினமும் கம்பெனி வேனில் பட்டாசு ஆலைக்குப் போகிறவர். நான் விருதுநகர் ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளை. வெடி என்றால் எனக்குத் தீபாவளி மட்டும்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு சிவகாசிக்கு வெளியே ஒரு மைதானத்தில் மறைமாவட்டப் பெருவிழாத் திருப்பலி நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட குருக்கள் வெள்ளை உடையில் வரிசையாக வந்தார்கள். மைதானம் முழுவதும் ஒரே குரலில் பாடியது. குருவானால் இப்படி ஒரு பீடத்தில் நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதை மறைக்க விரும்பவில்லை.

பந்தலும் வேட்டும் ஒரு பட்டாசு முதலாளியின் உபயம். வானவர் கீதம் தொடங்கியதும் முதல் வேட்டு வெடித்தது. தாயில்பட்டிப் பெண்கள் அத்தனை பேரும் துள்ளிவிட்டார்கள். பாட்டை விட்டுவிட்டு வானத்தில் புகையைத் தேடினார்கள். “எந்தப் பக்கம்லே?” என்று ஞானத்தின் அம்மா கத்தினார். அதற்கு முந்தைய மாதம்தான் ஓர் ஆலை வெடித்து அவருடைய தங்கையைப் பறிகொடுத்திருந்தார். நான் சிரித்துவிட்டேன். ஞானம் என்னைப் பார்த்தான்.

அடுத்த வேட்டு எழுந்தேற்றத்துக்கு. ஆயர் அப்பத்தை உயர்த்தும்போது, பீடத்தின் ஓரத்தில் நிற்கும் ஞானம் வெள்ளைக் கைக்குட்டையை வீச வேண்டும். அதைப் பார்த்து மைதானத்தின் கோடியில் வேட்டுக்காரர் திரி வைப்பார். மக்கள் முழங்காலிட்டார்கள். ஆயர் அப்பத்தை உயர்த்தினார். ஞானம் கைக்குட்டையை நான்காக மடித்து முறுக்குப் பைக்குள் வைத்துக்கொண்டான். மணி மட்டும் ஒலித்தது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் அப்படியோர் அமைதியை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

திருப்பலி முடிந்ததும் குருமட அதிபர் தந்தை ஞானத்திடம் வந்தார். “மறந்துட்டீங்களா பிரதர்?”

“ஆமான்னு சொல்லுலே” என்று அவன் முதுகில் கிள்ளினேன்.

“மறக்கல சாமி. எங்கம்மா முழங்கால் போட்டிருந்தாக. எழுப்ப மனசு வரல.”

கீழ்ப்படிதல் போதாது என்று அவனை ஒரு வருடம் வீட்டுக்கு அனுப்பினார்கள். நன்கொடையாளர் மனம் கோணக்கூடாது என்பதைச் சொல்ல இப்படியும் ஒரு வார்த்தை இருக்கிறது. அந்த ஒரு வருடம் பறிபோகாமல் இருந்திருந்தால் ஞானம் திருத்தொண்டராகவே செத்திருப்பான். திரும்பி வந்தபோது அவனிடம் கோபமே இல்லை. “அம்மா கையால ஒரு வருசம் சாப்பிட்டேன். அதிபருக்கு நன்றி சொல்லணும்லே” என்றான். அவனுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஊர் வழக்கப்படி ஒருவர் சரவெடியை விரித்தார். குழியோரம் ஞானத்தின் அம்மா முழங்காலில் இருந்தார். நான் ஓடிப்போய் வெடி விரித்தவரின் கையைப் பிடித்தேன்.

“வேட்டு இல்லாம எப்படி அனுப்புறது சாமி?”

“அம்மா முழங்கால் போட்டிருக்காங்க” என்றேன்.

அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். தீப்பெட்டியை என் கையில் வைத்தார். அது இப்போது என் அங்கிப் பையில் இருக்கிறது. நாளைக்கு நான் ஏறும் பீடம் எவ்வளவு பெரியதானாலும் அது அங்கேதான் இருக்கும்.