பாதியில் நிறுத்திய படம்

அப்பா இறந்த பிறகுதான் எங்கள் வீட்டில் சினிமா ஓடியது. கல்யாணத்துக்கு முன்பு கொழும்பில் அம்மா ஒரு தமிழ்ப் படத்தில் நடித்தவர். அந்தப் பேச்சையே அப்பா எடுக்க விட்டதில்லை. போன மாதம், அந்தக் காலத்து ஸ்டூடியோவில் நடக்கும் ஒரு காதல் கதை டிவியில் வந்தபோது, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தேன்.

நடிகையைத் தேடிக் காதலன் அவள் ஊருக்கே வருகிறான். அவள் செருப்புக்கூடப் போடாமல் அவனிடம் ஓடுகிறாள்.

"நிப்பாட்டு," என்றார் அம்மா.

நிறுத்தினேன்.

"அவரும் வந்தாரு. எங்க படத்துக்குக் கேமரா புடிச்சவரு. உக்குவளையில எங்க வீட்டு வாசல்ல வெச்சு ஒங்க மாமா அவர வெறகுக் கட்டையால அடிச்சாரு. காலு ஒடஞ்சிருச்சு. என் பேரச் சொல்லித்தான் கத்துனாரு."

"ஒங்கள உள்ள பூட்டி வெச்சிருந்தாங்களாம்மா?"

"இல்ல. கதவு தொறந்துதான் கெடந்துச்சு. நான் போகல."

ஏன் என்று கேட்டேன்.

"அண்ணன் என்னையும் அடிச்சிருவாருன்னு பயம். அவ்வளவுதான்."

அந்த மனிதர் என்ன ஆனார் என்று அம்மா யாரிடமும் விசாரிக்கவில்லை. மூன்று மாதத்தில் அப்பாவுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வழக்கம்போல மாத்தளையில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது. மீனில் முள்ளை அம்மாதான் எடுத்துக் கொடுப்பார். அன்றும் எடுத்துக் கொடுத்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர், "மாமாவுக்குத் தண்ணி ஊத்து," என்றார்.

ஊற்றினேன்.