கூழுக்கு முன்னால் பெயர்

எங்கள் மலையில், வந்தவர் கூழ் குடித்து முடிக்கும்வரை பெயர் கேட்க மாட்டோம். ஒரு வருஷம் புளி உலுக்கும் சமயம், அப்போது பலாகூடச் சரியாகக் காய்க்கவில்லை, காக்கிச்சட்டையில் இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். சாமைக்கூழ் கொடுத்தேன். சட்டைப்பை மேல் பெயர் பேட்ஜ் குத்திய ஓட்டை மட்டும் இருந்தது. குடித்துவிட்டு, விசாரணை என்று என் மகனை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

“யாரு இட்டுனு போனது?” என்றார் அங்கிருந்த போலீஸ்காரர்.

“மீசை வெச்சவருங்க.”

“இங்க எல்லாருக்கும் மீசை கீது, பெருசு!”

சிரித்தார்கள். மூன்றாம் நாள் மகன் நொண்டிக்கொண்டு வந்தான். யார் மேல் புகார் கொடுப்பது?

பிறகு கிராம சபையில், போலீஸ் பெயர் தெரியும்படிதான் வரவேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் வந்தது.

“எனக்குப் படிக்கவே தெரியாதே, இன்னாத்துக்கு?” என்றேன்.

“உன் மருமவ படிப்பா. ரேகை வை மாமா,” என்றாள் பஞ்சாயத்துத் தலைவி. வைத்தேன்.

போன வாரம் ஒரு போலீஸ்காரர் பேட்ஜோடு வந்தார். பெயர் கேட்டேன், சொன்னார். நான் நம்பவில்லை, மருமகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அதே பெயர். அப்புறம்தான் கூழ் ஊற்றினேன்.

வந்தவரை நிற்கவைத்துப் பெயர் கேட்டதற்கு என் அப்பா இருந்தால் வைதிருப்பார். மகன் இன்னும் நொண்டுகிறான். நான் கேட்கத்தான் செய்வேன்.