சிவப்புத் தூண்டில் முள்

மாட்டுக் கொம்புக்கு அடிக்கும் சிவப்புப் பெயிண்டின் வாடை மூக்கில் ஏறினால், இன்றும் எனக்கு என் பழைய தூண்டில் முள்தான் நினைவுக்கு வரும். ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் ஓடை மடுவில் ஐப்பசி மழைக்கு மீன் ஏறியிருந்த நாளில், பொங்கலுக்கு வாங்கி மிச்சமிருந்து ஆடை கட்டிப்போன அந்தப் பெயிண்டை மண்ணெண்ணெய் விட்டுக் குழைத்து, யாருக்கும் தெரியாமல் என் தூண்டில் முள்ளில் பூசினேன். அப்போது எனக்குப் பத்து வயது.

காரணம் ஏழுமலை. சித்தப்பா மகன், என்னைவிட ஒரு வயது சின்னவன். அவனைப் பெற்றவர்கள் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்ததால் எங்கள் வீட்டில் இருந்தான். சித்தப்பா அங்கிருந்து வாங்கி வந்த அவனுடைய முள் மிளகாய்ப் பழம்போலச் சிவந்திருக்கும். என்னுடையது துருவேறிய கறுப்பு. அவனுக்குக் கெண்டையும் கெளுத்தியும் சிக்கும், எனக்குப் புழு மட்டும் காணாமல் போகும். பிடித்தவனுக்கே மீன் தலை என்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா குழம்பிலிருந்து தன் கையாலேயே தலையை எடுத்து அவன் தட்டில் வைத்து, "கைகாரன்டா நீ" என்பார். அதை ஒரு தடவையாவது அவர் என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். சிவப்பு முள் இருந்தால் சொல்லிவிடுவார் என்று நம்பினேன்.

பூசிய முள்ளைப் போட்டதும் தண்ணீரில் எண்ணெய் வளையம் வளையமாக விரிந்தது. மீன் ஒன்றுகூடக் கிட்டே வரவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்த அப்பா என் முள்ளை மோந்து பார்த்தார்.

"இன்னாடா இது, மீனுக்கு மாட்டுப் பொங்கல் வெக்கிறியா?"

மடுவைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. "ண்ணா, என்னுத நீ வெச்சிக்கோ. உன்னுத இப்டி குடு" என்று தன் முள்ளை அவிழ்த்து என் கையில் வைத்தான். அவன் சிரித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

என் முள்ளை மணலில் தேய்த்துக் கழுவி, அதே கறுப்பு முள்ளில் அவன் மதியத்துக்குள் மூன்று கெளுத்தி பிடித்தான். சிவப்பு முள்ளோடு நான் சும்மா குந்தியிருந்தேன். ஆத்திரம் தாங்காமல் அந்த முள்ளோடு மடுவில் முங்கி, கண்ணைத் திறந்து பார்த்தேன். செம்மண் கலங்கல். முகத்துக்கு நேரே பிடித்த முள் மட்டுமல்ல, அதைப் பிடித்திருந்த என் கையே தெரியவில்லை. இதில் மீனுக்கு என்ன சிவப்பு, என்ன கறுப்பு? கரையேறியபோது, அவன் தூண்டில் மிதப்பைப் பார்த்தபடி கல்போல அசையாமல் இருப்பதும், நான் நிமிடத்துக்கொரு தடவை கயிற்றை இழுத்து இழுத்துப் பார்ப்பதும் முதல்முறையாக எனக்குப் புரிந்தது. முள்ளின் மேல் பழி போட முடிந்தவரை பொறாமை கொஞ்சம் சுகமாக இருந்தது. அன்று முதல் அந்தச் சுகமும் போயிற்று.

மேலே தடுப்பணை கட்டிய பிறகு அந்த மடு மணல் மூடிப்போய், இப்போது ஆடுகள் நடந்து கடக்கின்றன. ஏழுமலை கண்ணமங்கலத்தில் கடை வைத்திருக்கிறான். போன வருஷம் அப்பா இறந்த அன்று, "பெரிப்பா, பெரிப்பா" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு ஊரே திரும்பிப் பார்க்கும்படி அழுதான். கூச்சத்தோடு ஓரமாக நின்றிருந்த எனக்கு அன்றும் முதலில் வந்தது பொறாமைதான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.